காசியின் பாட்டக்குகள்: காவலுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

(சற்று நீண்ட பதிவு. நகர வரலாறு, காவல்துறை வரலாறு ஆகியவற்றில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்களுக்காக.)

1824 செப்டம்பரில் காசிக்கு வந்துசேர்ந்த கல்கத்தாவின் ஆங்கிலிக்க ஆயர் ரெஜினால்ட் ஹீபர், அந்நகரத்தின் ஒடுங்கிய சந்துகளையும் அவற்றில் உலவும் காளைகளையும் பற்றி விரிவாக எழுதிவிட்டு, இடையில் காவல் ஏற்பாடு குறித்து ஒரு சிறு குறிப்பை வைக்கிறார். நகரம் அறுபது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கதவு. இரவானால் அது சாத்தப்படும். கதவருகே ஒரு காவலாள் நிற்பான். இவ்வாறு நகரம் முழுவதும் ஏறத்தாழ 500 பேர். அவர்களைத் தெரிவு செய்பவர்கள் நகரவாசிகள். ஒப்புதல் அளிப்பவர் மாஜிஸ்டிரேட். கூலி கொடுப்பவர்கள் வசதியுள்ள வீட்டுக்காரர்கள். எந்நேரமும் இருபதினாயிரம் யாத்திரிகர்கள் தங்கியிருக்கும் ஒரு நகரத்தில் கொள்ளையும் கொலையும் மிகக் குறைவாக இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்கிறார் ஹீபர். கூலி வீட்டுக்காரரிடமிருந்து வருவதால் காவலாள் அமைதியாகவும் மரியாதையாகவும் நடந்துகொள்கிறான் என்பது அவர் தரும் விளக்கம்.

சுற்றுலா நகரங்களின் பாதுகாப்பைப் பற்றி இன்று பேசும்போது ‘காவல்துறையும் பொதுமக்களும் இணைந்து’ என்னும் தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. இரண்டு தனித்தனித் தரப்புகள் முன்பே இருந்தன, பின்னர் கைகோத்தன என்னும் எண்ணம் அத்தொடருக்குள் இருக்கிறது. காசியின் ஆவணங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. அங்கே ஒரே ஆள், கதவருகே நின்ற அந்தக் காவலாள், இரு தரப்புக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டவனாக இருந்தான். ஹீபரின் குறிப்பில் மூன்று வினைகள் உள்ளன: தெரிவு செய்தல், ஒப்புதல் அளித்தல், கூலி கொடுத்தல். அடுத்த நாற்பது ஆண்டுகளில் வினைகள் மாறவில்லை, எழுவாய்கள் மாறின. மொழியியல் படித்தவன் இப்படித்தான் பார்ப்பான் என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆயினும் நகரக் காவலின் வரலாற்றை இந்த எழுவாய் மாற்றத்தின் வழியாக வாசிப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

ஹீபரை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. அவர் கண்ணில் பட்டது காசி மட்டுமன்று, லண்டனும்தான். அன்றைய லண்டனில் சம்பளம் பெறும் ஒருங்கிணைந்த நகரக் காவல்படை இல்லை. அந்தந்தப் பங்கு வட்டாரத்தார் கூலி கொடுத்து வைத்திருந்த இரவுக் காவலர்களே பெரும்பாலும் இருந்தனர். ராபர்ட் பீல் கொண்டுவந்த பெருநகரக் காவல்படை 1829இல்தான் பிறந்தது, அதாவது ஹீபர் காசியைப் பார்த்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர். தம் நாட்டில் எள்ளி நகையாடப்பட்ட ஓர் ஏற்பாடு அயல்நாட்டில் சீராக நடப்பதைக் கண்ட வியப்பு அவர் குறிப்பில் தெரிகிறது. தம் நாட்டார்க்குப் புரியும்படி அதனைக் குடிமக்கள் படை என்பது போன்ற சொல்லால் குறிக்கிறார். (அந்த லண்டன் மாற்றத்தைக் காண ஹீபர் உயிருடன் இல்லை. 1826 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் நீராடும் குளத்தில் உயிரிழந்தார். அவரது கல்லறை அங்குள்ள புனித யோவான் ஆலயத்தில் உள்ளது.)

அவர் கையாளும் இன்னொரு சொல் ‘சப்ராசி’. சப்ராஸ் என்பது மார்பிலோ இடுப்புக் கச்சையிலோ அணியும் பித்தளை வில்லை. அதை அணிந்தவன் சப்ராசி. தெருவார் கொடுத்த கூலி ஒரு கையில், அரசு ஒப்பிய அடையாளம் மார்பில் என்று அச்சொல்லே அவனுடைய இரட்டை நிலையைக் காட்டிவிடுகிறது.

இந்த ஏற்பாடு கும்பினியார் கண்டுபிடித்ததன்று. அபுல் ஃபசல் தமது ‘ஐனே அக்பரி’யில் நகரக் கொத்தவாலின் கடமைகளை வரிசைப்படுத்துகிறார். வீடுகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். ஒருவருக்கொருவர் உதவுவதாகக் குடியிருப்போரிடம் உறுதி பெற வேண்டும். சில வீடுகளைச் சேர்த்து ஒரு மொஹல்லாவாக்கி அதற்கு ஒரு பொறுப்பாளரை அமர்த்த வேண்டும். அங்கு யார் வந்தார், யார் போனார் என்ற செய்தி அன்றாடம் வந்துசேர வேண்டும். முன்பின் அறியாத பயணிகள் தங்கத் தனிச் சத்திரம் வேண்டும். களவு போன பொருளைக் கண்டுபிடிக்க இயலாவிட்டால் இழப்புக்குக் கொத்தவாலே பொறுப்பு. ஏட்டில் எழுதியபடியே எல்லா ஊர்களிலும் நடந்திருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் நகரத்தைக் காப்பது என்றால் என்ன என்பதைப் பற்றிய ஒரு தெளிவான கருத்து இதில் இருக்கிறது. காப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது ஆயுதமன்று, அறிமுகம். இழப்பீட்டுக் கோட்பாடு தமிழ் நிலத்துக்கும் அந்நியமானதன்று. தென்பாண்டிச் சீமையின் தேசகாவலும் தலகாவலும், களவு போனதை மீட்டுத் தருவது, இல்லையேல் ஈடு செய்வது என்னும் அடிப்படையில்தான் காவற்கூலி பெற்றுவந்தன. அவற்றையும் கும்பினி அரசே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழித்தது.

கொத்தவால் என்ற சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. சென்னைவாசிகளுக்குக் கொத்தவால் சாவடி என்றால் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வரும். சந்தையின் அளவையும் விலையையும் மேற்பார்ப்பதும் கொத்தவாலின் வேலையே என்பதால் அப்பெயரில் வியப்பில்லை. சமஸ்கிருதத்தில் ‘கோட்டபாலன்’, கோட்டையைக் காப்பவன், என்பதிலிருந்து வட இந்திய மொழிகள் வழியாகப் பாரசீகத்துக்குச் சென்று, ஆட்சிச் சொல்லாகித் தெற்கே திரும்பியது அது. அதன் முதற்பகுதியான ‘கோட்ட’ என்பதே திராவிட மொழிகளிலிருந்து சமஸ்கிருதம் பெற்ற கடன் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் வீட்டுப் பிள்ளை வடக்கே போய்ச் சீருடை அணிந்து வந்ததுபோல. இரவுக் காவலைக் குறிக்கும் ‘பாரா’, தென்மாவட்டங்களில் காவலரைக் குறிக்கும் ‘டாணாக்காரன்’ ஆகிய சொற்களும் இதே ஆட்சிமொழிப் பாதையில் வந்தவை. முன்னது பஹ்ரா, பின்னது தாணா.

காசியில் கொத்தவால் என்ற பதவிக்கு மனிதர் மட்டும் உரியவர் அல்லர். கால பைரவரே காசியின் கொத்தவால். அவரிடம் விடைபெறாமல் ஊரை விட்டுப் போகலாகாது என்று இன்றும் யாத்திரிகர்களுக்குச் சொல்லப்படுகிறது. வருவோர் போவோரைக் கணக்கு வைப்பவனே நகரக் காவலன் என்னும் ஆட்சிக் கருத்து வழிபாட்டு மரபிலும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

இனி, அறிமுகம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். காசிக்கு வந்த எவரும் நீண்ட நேரம் அந்நியராக இருக்க முடியாது. ஊர், சாதி, தந்தை, பாட்டன் பெயர் ஆகியவற்றைச் சொன்னால், அக்குடும்பத்துக்கு உரிய பண்டா தமது பஹிப் பேரேட்டைப் புரட்டி முந்தைய தலைமுறை வந்துபோன நாளைக் காட்டுவார். படித்துறைகளே நாடுகள்வாரியாகப் பிரிந்திருந்தன. மராத்தியருக்குப் பஞ்சகங்கா, துர்கா காட் பகுதிகள்; வங்காளியருக்கு பெங்காலி டோலா; தென்னிந்தியருக்கு அனுமன் காட், கேதார காட் பகுதிகள். குமரகுருபரர் வழிவந்த குமாரசாமி மடம் கேதார காட்டில் நிற்கிறது. 1863இல் ஏற்பட்ட நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் ‘சம்போ’ என்ற முழக்கத்துடன் தெருவழியே எடுத்துச் செல்லப்படுவதைக் காசிக்குச் சென்ற தமிழர் பலரும் கண்டிருப்பர். இந்த மடங்களும் சத்திரங்களும் உணவும் உறைவிடமும் தருவதோடு நின்றுவிடவில்லை. யாத்திரிகருக்கு ஒரு பிணையாளியையும் தந்தன. தெருவுக்குள் நுழைபவன் ‘யாரோ’ என்பதிலிருந்து ‘இன்னாருடைய யாத்திரிகன்’ என்று மாறிவிடுகிறான். கதவருகே நிற்பவன் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: யார் வீட்டுக்கு?

அரசியல் நிலைமை இதற்கிடையில் மாறிவிட்டது. 1781இல் மன்னர் சேத் சிங் கிளர்ந்தெழுந்ததும், வாரன் ஹேஸ்டிங்ஸ் சுனார்க் கோட்டைக்கு ஓட நேர்ந்ததும் பலரும் அறிந்தவை. கிளர்ச்சியை அடக்கிய பின் ஹேஸ்டிங்ஸ் நகரத்தின் நீதியையும் காவலையும் புதிய மன்னரிடம் விடாமல் பிரித்தெடுத்து, அலி இப்ராஹிம் கான் என்பவரைத் தலைமை மாஜிஸ்டிரேட்டாக அமர்த்தினார். அலி இப்ராஹிம் கான் சுவையான மனிதர். உருதுக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தவர். இந்துக்களிடையே வழங்கிய சத்தியச் சோதனைகளைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் வெளியாகியிருக்கிறது. அக்காலத்துக் காசியில் அரசின் ஆட்களும் தெருவின் காவலர்களும் மட்டுமின்றி, வாள்வீரர் குழுக்களும் இருந்தன. ஜெயசங்கர் பிரசாத்தின் புகழ்பெற்ற சிறுகதை அந்த வாள்வீரன் ஒருவனையே நாயகனாகக் கொண்டது. சேத் சிங் காலமே அதன் களம். கதையின் தலைப்பு ‘குண்டா’. இன்று குண்டர் சட்டத்தால் நாமறிந்த அச்சொல், அக்கதையில் எளியோருக்குத் துணை நிற்பவனைக் குறிக்கிறது. காப்பவனுக்கும் அச்சுறுத்துபவனுக்கும் இடையிலான கோட்டை யார் வரைகிறார்கள் என்பதைப் பொறுத்தே பல சொற்களின் பொருள் அமைகிறது.

கதவுகளைப் புகழ்ந்துகொண்டே போனால் 1809 நம்மை வழிமறிக்கும். அவ்வாண்டு அக்டோபரில் லாட் பைரோ என்னும் கல்தூணை ஒட்டி எழுந்த பூசல் இந்து முஸ்லிம் கலவரமாக நகரத்தில் பரவியது. கியானேந்திர பாண்டே இதைப் பற்றிக் காட்டும் உண்மையை வரலாற்று மாணவர் எவரும் மறக்கலாகாது. அக்காலத்தை ஒட்டிய ஆவணங்களில் முப்பதுக்குள் இருக்கும் உயிரிழப்பு, ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய கெசட்டியரில் நூற்றுக்கணக்காகப் பெருகிவிடுகிறது. எண் எதுவாயினும் நமது கேள்விக்கு விடை கசப்பானதே. ஒவ்வொரு மொஹல்லாவையும் திருடனிடமிருந்து காத்த கதவுகள், ஒரு மொஹல்லாவை இன்னொன்றிடமிருந்து காக்கவில்லை. இறுதியில் அமைதியை மீட்டது சிப்பாய்களின் அணிவகுப்பு. தெருவார் தெரிவு செய்த காவலன் தெருவாரின் அச்சங்களையும் பகைகளையும் சேர்த்தே சுமக்கிறான். உள்ளூர்க் காவலைப் போற்றி எழுதுவோர் இதனை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பதினான்கே மாதங்களில் அதே நகரம் வேறொரு முகத்தைக் காட்டியது. 1810இன் பதினைந்தாம் ஒழுங்குவிதி, வங்காளம், பீகார், ஒரிசா, பனாரஸ் ஆகிய பகுதிகளின் நகரங்களில் வீட்டு வரியைக் கொண்டுவந்தது. குடியிருப்பு வீடுகளுக்கு வாடகை மதிப்பில் நூற்றுக்கு ஐந்து. கடைகளுக்கு நூற்றுக்குப் பத்து. காசிவாசிகளோ தத்தம் தெருக்கதவின் பழுதுபார்ப்புக்கும் காவலாளின் கூலிக்கும் ‘பாட்டக்பந்தி’ என்ற பெயரில் ஏற்கெனவே செலவிட்டுக்கொண்டிருந்தவர்கள். பாட்டக் என்றால் கதவு. பந்தி என்றால் கட்டு அல்லது ஏற்பாடு. தம் தெருவுக்குத் தாமே கூட்டிக் கொடுத்த பணத்தை அவர்கள் வரி என்று எண்ணியதில்லை.

1810 டிசம்பர் இறுதியில் நகரம் நின்றுபோயிற்று. இந்நிகழ்வின் ஆவணங்களைத் தொகுத்து 1971இல் தரம்பால் வெளியிட்ட ஒத்துழையாமை பற்றிய நூல் இத்துறையின் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. அதற்கு அடுத்த ஆண்டே ரிச்சர்ட் ஹெய்ட்லர் இதைப் பற்றி விரிவான கட்டுரையொன்று எழுதினார். தற்காலிக மாஜிஸ்டிரேட்டாக இருந்த பேர்டு என்பவர் கல்கத்தாவுக்கு எழுதிய கடிதங்களை வாசித்தால் அவரது கலக்கம் வரிக்கு வரி தெரிகிறது. கொல்லர்கள் முன்னின்றார்கள், அயலூர்க் கொல்லர்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். தொடர்ந்து மேஸ்திரிகள், ஜுலாஹா நெசவாளர்கள், நாவிதர்கள், தையற்காரர்கள், பல்லக்குத் தூக்குவோர் எல்லாரும் தொழிலை நிறுத்தினார்கள். கடைகள் மூடப்பட்டன. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் தர்ணா அமர்ந்தனர். வசதிக்கேற்ப ஒவ்வொருவரும் பணம் கொடுத்து வறியவர்களைத் தாங்கினார்கள். படகோட்டிகளான மல்லாஹ்கள் துடுப்பைக் கீழே வைத்தனர். உரிய சடங்கு செய்வோர் கிடைக்காமல் பிணங்கள் அப்படியே கங்கையில் விடப்பட்டன. இறப்பதற்கென்றே மக்கள் வந்துசேரும் நகரத்தில் இதற்கு மேல் ஒரு நிறுத்தம் இருக்க முடியாது.

இந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டு ஒருவரையொருவர் தாக்கிய நகரம் இது. ஜுலாஹாக்கள் முஸ்லிம்கள், அவர்களோடு சேர்ந்து அமர்ந்த பிற தொழிலாளரில் பெரும்பாலோர் இந்துக்கள். மத வெறுப்பு காசியின் இயல்பு என்று பிற்காலக் கெசட்டியர்கள் எழுதியதற்கு இந்த ஒரு மாதமே போதிய மறுப்பு.

கூட்டத்தார் ஆயுதம் ஏந்தவில்லை. ஆயுதமின்றி இருப்பதையே தங்கள் பாதுகாப்பாகக் கருதிப் பெருமிதம் கொள்கிறார்கள், தீங்கற்றவர்கள் மீது படை ஆயுதம் பயன்படுத்தாது என்று நம்புகிறார்கள் என மாவட்ட ஆட்சியர் 1811 ஜனவரியில் எழுதுகிறார். காவலைப் பற்றிய வரலாற்றில் இது அரியதொரு வாக்குமூலம். பல்லாயிரம் பேர் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியே அமர்ந்திருக்க, காப்பதாகச் சொல்லி வரி கேட்ட அரசே அந்தக் கூட்டத்தின் அமைதியைக் கண்டு அஞ்சுகிறது. மனுவில் அவர்கள் வைத்த வாதங்களும் நேரடியானவை. முன்னைய அரசர் எவரும் வீட்டுக்கு வரி கேட்டதில்லை. முத்திரைக் கட்டணமும் சுங்கமும் முன்பே உள்ளன. நகரத்தின் வீடுகளில் பல, தருமத்துக்கு விடப்பட்டவை அல்லது வாடகை ஈட்டாதவை. இறுதியில் காசி மன்னர் இடைநின்று சமாதானம் பேச, ஜனவரியில் கூட்டம் கலைந்தது. சமயத் தலங்களுக்கும் ஏழைகளுக்கும் விலக்கு என்று முதலில் இறங்கிவந்த அரசு, சிறிது காலத்தில் அந்த வரியையே கைவிட்டது.

எனவே 1824இல் ஹீபர் கண்டது பழங்காலத்தின் எச்சமன்று. ஒரு போராட்டத்தின் விளைவாக உயிர்தப்பிய ஏற்பாடு அது. ஆயர் இந்தத் தர்ணாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் காதுக்கு எட்டியபோது கூட்டம் பல மடங்கு பெருகிவிட்டது. கதவுகளைப் பற்றிய குறிப்பையும் தர்ணாவைப் பற்றிய குறிப்பையும் அவர் இணைத்துப் பார்க்கவில்லை. இணைத்துப் பார்ப்பது நமது வேலை.

மக்கட்தொகைக் கணக்கிலும் இதற்கொரு சான்று உண்டு. 1800 வாக்கில் கொத்தவால் சுல்பிகர் அலி கான் எடுத்த கணக்கு நகர மக்களை ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்றது. நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் 1820களின் இறுதியில் எடுத்த கணக்கில் அது சுமார் 1,80,000 ஆகச் சுருங்கியது. பிரின்செப்பின் திறமை ஐயத்துக்கு இடமற்றது. பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர் அவர்தான். ஆனால் தெருத்தெருவாக ஆளறிந்த மொஹல்லாக் காவலர்கள் இல்லாமல் அப்படியொரு கணக்கை எந்த அறிஞரும் எடுத்திருக்க முடியாது.

எழுவாய் மாற்றம் பிற நகரங்களில் தொடங்கியது. 1813இல் டாக்கா, பாட்னா, மூர்ஷிதாபாத் ஆகிய நகரங்களுக்குச் சவுக்கிதார் வரி வந்தது. ரோஹில்கண்டின் பரேலி நகரம் 1816இல் அதே வரியை எதிர்த்து எழுந்தபோது காசியின் அமைதி அங்கே வாய்க்கவில்லை. முப்தி முகம்மது ஐவஸ் தலைமையில் திரண்ட கூட்டத்துக்கும் படைக்கும் நடந்த மோதலில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். 1856இன் இருபதாம் சட்டம் நகரச் சவுக்கிதார் முறையை ஒழுங்குபடுத்தியது. வரியை யார் எவ்வளவு கட்டுவது என்று பகிர ஒரு பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்தை அமர்த்துபவர் மாஜிஸ்டிரேட். காவலாளை நியமிப்பதும் நீக்குவதும் அரசு. கூலி மட்டும் மக்களுடையது. அதன்பின் 1861இன் காவல் சட்டம். 1857ஐக் கண்டு அதிர்ந்த ஓர் அரசு இயற்றிய சட்டம் என்பதை அதன் பதினைந்தாம் பிரிவில் நன்றாகவே காணலாம். கலகம் நிகழ்ந்த பகுதியில் கூடுதல் காவலரை நிறுத்தி, அச்செலவை அங்கு வாழ்வோரிடமே வசூலிக்கலாம். ஒரு காலத்தில் தெருவார் காவலாளுக்குக் கூலி கொடுத்தார்கள், அவன் அவர்களுக்குக் கட்டுப்பட்டான். இப்போதும் தெருவார் கொடுக்கிறார்கள், தண்டனையாக. கொடுத்தல் என்னும் வினை மாறவில்லை. அதன் பொருள் தலைகீழாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது பழைய ஏற்பாட்டில் யாருக்கு இடமில்லாமல் போயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹீபரே ‘வசதியுள்ள வீட்டுக்காரர்’ என்றுதான் எழுதுகிறார். கூலி கொடுக்க இயலாதவனுக்குக் காவலாளைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. ‘யார் வீட்டுக்கு?’ என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பெயரில்லாதவர்களுக்கு, அதாவது நாடோடிகள், கைவிடப்பட்ட கைம்பெண்கள், பண்டாவின் பேரேட்டில் ஏற முடியாத சாதியினர் ஆகியோருக்கு, அந்தக் கதவு காவலன்று, தடை. அறிமுகத்தின் மீது எழுப்பப்பட்ட பாதுகாப்பு, அறிமுகமற்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கவும் பழக்குகிறது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் செயற்பட்ட பகுதிகளுள் காசியை உள்ளடக்கிய வடமேற்கு மாகாணமும் ஒன்று. அச்சட்டத்தை முழுக்கவும் லண்டன் மூளையின் விளைவு என்று சொல்லிக் கடந்துபோவோர் இந்த உள்ளூர்ப் பழக்கத்தையும் எண்ணிப்பார்ப்பது நல்லது.

கதவுகள் பெரும்பாலும் போய்விட்டன. பெயர்கள் இருக்கின்றன: ஷேக் சலீம் பாட்டக், ரங்கில்தாஸ் பாட்டக். அஞ்சல் முகவரியில் அன்றாடம் எழுதப்படும் இப்பெயர்கள் ஒரு காவல் முறையின் தொல்லெச்சங்கள் என்பதை அங்கு வசிப்போரே இப்போது அதிகம் நினைப்பதில்லை.

அறிமுகத்தின் அடிப்படையிலான காவல் கதவுகளோடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2006 மார்ச் 7 அன்று சங்கட மோசன் கோயிலிலும் ரயில் நிலையத்திலும் குண்டுகள் வெடித்தபோது நாடே காசியில் கலவரம் எழும் என்று அஞ்சியது. எழவில்லை. காவல்துறை தன் பணியைச் செய்தது. அதற்கும் முன்பே கோயிலின் மகந்த்தும் நீரியல் பேராசிரியருமான வீரபத்ர மிஸ்ரா அன்றிரவே வழிபாட்டைத் தொடரச் செய்து அமைதிக்கு வேண்டுகோள் விடுத்தார். நகர முப்தி அப்துல் பாதின் நொமானியும் அவரோடு நின்றார். இருவரும் நகரம் முகமறிந்த மனிதர்கள். 1809இல் இல்லாமற்போன ஒன்று அன்று இருந்தது. படித்துறையில் இன்றும் நீர்க்காவல் பிரிவு உண்டு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாலியனும் காசியில் இருக்கிறது. ஆயினும் நீரோட்டத்தில் கால் வழுக்கிய யாத்திரிகரை முதலில் எட்டிப் பிடிக்கும் கை பெரும்பாலும் அருகில் படகில் இருக்கும் மல்லாஹ் ஒருவருடையது. 1810இல் துடுப்பைக் கீழே வைத்தவர்களின் வழித்தோன்றல்கள். இந்தப் பணிக்கு அவர்களுக்குச் சீருடையுமில்லை, சம்பளமுமில்லை.

2021 மார்ச்சில் வாரணாசி காவல் ஆணையரகமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் விசுவநாதர் கோயில் வளாகம் கங்கைவரை விரிவாக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அதற்காக முந்நூறு அளவிலான கட்டடங்கள் வாங்கி இடிக்கப்பட்டன. லாஹோரி டோலா என்னும் பழைய மொஹல்லா மறைந்தது. கூட்டம் நெரியும் சந்தில் விபத்து நேர்ந்தால் தப்ப வழியில்லை என்ற அச்சம் உண்மையானது. அகன்ற வெளி பல உயிர்களைக் காக்கும் என்பதை மறுக்க மாட்டேன். வருவோரை இன்று படக்கருவிகள் பார்க்கின்றன, ஆயுதம் தாங்கியவர்கள் சோதிக்கிறார்கள். லாஹோரி டோலாவின் குடும்பங்கள் இழப்பீடு பெற்று நகரத்தின் வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரிந்து போய்விட்டன. சென்ற ஆண்டு கள ஆய்வின்போது அந்தப் பக்கத்துச் சந்தொன்றில் வழி தெரியாமல் நின்ற என்னிடம் ஒரு முதியவர் போஜ்புரியில் கேட்டார்: யார் வீட்டுக்குப் போக வேண்டும்? நான் ஒரு சத்திரத்தின் பெயரைச் சொன்னேன். தலையசைத்து வழி காட்டினார். பின்னர் அவர் இன்னொருவரிடம் என்னைச் சுட்டி, மதராஸிகளின் ஆள் என்று சொல்வதும் காதில் விழுந்தது.